கிணற்றில் இறக்கிய மாவு

“மாவு குளிக்கப் போறானா?”

ஊர்மிளா அண்ணி எங்கள் வீட்டுக்கு வாழ வந்த மறுநாள் காலையில் என்னிடம் கேட்ட கேள்வி இது. பிஸ்கோத்து மாவு வைத்த டின்னைக் கயிற்றில் கட்டி நான் கிணற்றுக்குள் இறக்கிக்கொண்டிருந்தேன். அவள் இந்துஸ்தானி பேசுகிற வீட்டுப் பெண். எங்கள் வீட்டுக்குள் தமிழ்தான் பேச வேண்டும் என்று முதல் நாளே அப்பா சொல்லிவிட்டதால், தெரிந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு சமாளித்தாள். அவளுக்கு மாவும் அவன்தான், மாடும் அவன்தான், எங்கள் அம்மா உயிரோடு இருந்திருந்தால் அவளும் அவன்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் எளிதில் சிரிக்கிற பெண் இல்லை.

அண்ணியின் மேல் எனக்கு எந்த விரோதமும் இருந்ததில்லை என்பதற்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன்.

மாவைக் கிணற்றில் வைப்பது எங்கள் அம்மாவின் வழக்கம். எங்கள் ஊர் நவுசோரியில் மழை விட்டால் வெயில், வெயில் விட்டால் மழை. இரண்டுக்கும் நடுவில் ஆற்றிலிருந்து எழும்பி வருகிற புழுக்கம். பிசைந்த மாவைச் சமையலறையில் வைத்தால் மாலைக்குள் வெண்ணெய் உருகி, மாவு நொந்துபோய்க் காடி வாசனை வந்துவிடும். அதனால் மாவை மணிக்கட்டுத் தடிமனுக்கு உருட்டி, அனலில் வாட்டிய வாழையிலையில் சுற்றி, பெரிய டின்னில் அடுக்கி, மூடியைச் சுற்றி மெழுகில் தோய்த்த துணியை ஒட்ட வேண்டும். டின் மிதக்காமலிருக்க அடியில் ஒரு கல். பாதி டின் தண்ணீரில் நிற்கும்படி இறக்கிவிட்டால் நாலைந்து நாள் கெடாது. கெடாது என்பது மட்டும் இல்லை. மாவுக்கும் ஓய்வு வேண்டும். சோடாவும் சீனியும் வெண்ணெயும் ஒன்றோடொன்று பழக நாளாகும். மூன்று நாள் இருந்த மாவில் சுட்ட பிஸ்கோத்துதான் வாயில் வைத்தவுடன் கரையும்.

ரொட்டி மாவு அப்படி இல்லை, ஒரு ராத்திரி போதும். உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீரில் சீனி கரைத்து, பழைய புளிப்பில் ஒரு கரண்டி விட்டு, பாட்டிலை அடுப்போரம் வைத்துப் புதுப் புளிப்பு எடுப்போம். அதை ஊற்றிப் பிசைந்த மாவைக் கிணற்றுக் குளிர்ச்சியில் விட்டால் அவசரப்படாமல் பொங்கும். விடிந்ததும் மண் பூசிய டிரம்மில் கீழேயும் மேலேயும் தணல் போட்டுச் சுடுவேன். கரும்பு வெட்டப் போகிறவர்கள் எங்கள் வீட்டைக் கடக்கும்போது நடையைத் தளர்த்துவார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மோகினி வந்திருந்தபோது இதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன்.

மோகினி, ஊர்மிளா அண்ணியின் மகள். பிறந்தவுடன் அவளை லாமியில் அண்ணியின் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இருபது வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறேன். அண்ணியின் நெற்றி, எங்கள் அப்பாவின் மூக்கு. கழுத்தில் மஞ்சள் கயிறு கிடந்தது. நம் தமிழ் ஆட்களில் யாருக்கோ வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் என்னைப் பூவா என்று கூப்பிட்டாள். இந்துஸ்தானியில் அப்படித்தான் அத்தையை அழைப்பார்கள். “பூவா, என் அம்மா என்னதான் செய்தாள்? யாரும் எனக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை,” என்று இந்துஸ்தானியிலேயே கேட்டாள்.

நான் டீ போட்டு, தட்டில் பிஸ்கோத்து வைத்து, எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தமிழில் சொன்னேன். இந்த வீட்டுக்குள் தமிழ்தான் என்பது அப்பா போட்ட விதி, நான் அதை மாற்றவில்லை. லாமி வீட்டில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. இந்தக் காலத்தில் நம் பையன்களுக்கே தெரியாது, கயிறு கட்டியவன் மட்டும் என்ன சொல்லிக் கொடுத்திருக்கப் போகிறான். கேட்பவளுக்குப் புரியாது என்றபோது எனக்குப் பேச்சு சுலபமாக வந்தது. அவள் பிஸ்கோத்தைக் கடித்தபடி தலையசைத்துக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் பேசும்போது தலையசைப்பது மரியாதை.

அம்மா இறந்தபோது நான் தமிழ்ச் சங்கத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு. அப்பா என்னை நிறுத்திவிட்டார். “ரொட்டி சுடறதுக்கு வாத்தியாரு எதுக்கு?” என்றார். எனக்கு வருத்தம் இல்லை. வகுப்பில் வாத்தியார் ஏதாவது கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகள் ஊமைச்சி என்பார்கள். மாவு எதையும் கேட்காது.

ஆனால் அந்த நாலு வருஷத்தில் தமிழ் எழுத்து எனக்கு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் வராது. அப்பா கோவிந்தசாமி, சின்னப் பையனாகக் கிர்மிட்டில், அதாவது கரும்புத் தோட்டக் கூலி ஒப்பந்தத்தில், இந்தத் தீவுக்குக் கப்பலேறி வந்து, கரும்பு ஆலை ஓவர்சீயர் வீட்டுச் சமையற்கட்டில் எடுபிடியாக இருந்து ரொட்டி வேலை கற்றுக்கொண்டவர். கைநாட்டு. அண்ணன் ராஜன் படித்தது வேறு பள்ளிக்கூடம், அங்கே இங்கிலீஷும் இந்துஸ்தானியும்தான். சங்கம் வந்த பிறகு அப்பாவுக்குத் தமிழின் மேல் ஒரு பித்து. கூட்டத்தில் கேட்டுவிட்டு வந்து, வீட்டில் தமிழ் எழுத்து இருக்க வேண்டும் என்றார். எழுதுவதற்கு வீட்டில் வேறென்ன இருக்கிறது. டப்பாக்கள்தான். எல்லாம் ஒரே மாதிரியான காலி பிஸ்கோத்து டின்கள். காகிதம் ஒட்டி ஒவ்வொன்றிலும் எழுதினேன். உப்பு. ஆப்பசோடா. சீனி. மஞ்சள். அப்பா எழுத்தின்மேல் விரலை வைத்து வைத்துப் பார்ப்பார். யார் வந்தாலும் சமையலறைக்குள் கூட்டிவந்து காட்டுவார்.

“கோவிந்தசாமி, ஒன் வூட்ல டப்பாகூட தமிழ் பேசுதுய்யா,” என்றார் பக்கத்துத் தோட்டத்து வீரசாமி மாமா. “ஒம் பொண்ணுதான் வாயத் தொறக்க மாட்டேங்குது.”

அப்பா பெருமையாகச் சிரித்தார். நானும் தரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தேன்.

இந்த ஊர் ஈரத்தில் எந்தப் பொடியும் கட்டிதட்டிவிடும். அதனால் டப்பாக்கள் அடுப்புக்கு மேலே உள்ள பலகையில் இருக்கும். காயவேண்டிய சாமான் எதுவானாலும் அங்கேதான். ஒருமுறை கொட்டகையில் இருந்த புல் மருந்து டிரம் துருப்பிடித்து ஒழுக ஆரம்பித்தது. கரும்புப் பாத்தியில் புல்லைச் சாகடிக்கிற வெள்ளைப் பொடி. மிச்சத்தை வீணாக்க மனமில்லாமல் அப்பா ஒரு பிஸ்கோத்து டின்னில் போட்டு எடுத்துவந்தார். “பெருசா எழுதி மூலையில வை,” என்றார். பெரிதாக எழுதினேன். விஷம், தொடாதே. இன்றைக்கும் அந்தக் கையெழுத்தில் ஒரு குறை சொல்ல முடியாது.

அண்ணி வந்த ஒரு வாரத்தில், பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். ஒவ்வொரு டப்பாவாக எடுத்து வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் வாசித்தேன், மூலையில் இருந்ததையும் சேர்த்து. அவள் எழுத்தைப் பார்க்கவில்லை, இடத்தைப் பார்த்தாள். நமக், சோடா, சீனி என்று ஒவ்வொரு டப்பாவையும் தட்டி, பிள்ளைகளைக் கணக்கெடுப்பது போலச் சொல்லி வைத்துக்கொண்டாள். அதன்பிறகு அவள் கை தானாகப் போகும். உப்புக்குப் பக்கத்தில் சோடா. அண்ணாந்து பார்க்கக்கூட மாட்டாள்.

ரொட்டியை நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இதை யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. அவள் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருப்பாள், நான் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இருக்காது. எனக்கு அது பிடித்திருந்தது. புளிப்பு பாட்டிலைக் காதில் வைத்துப் பார்ப்பாள். “இவன் பேசறான். நீ பேசலே,” என்பாள். மாவு பொங்கியதா என்று விரலால் குத்திப் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். தணலின் சூட்டைக் கையை நீட்டிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். சில மாதத்தில் ஒருநாள் முழு ரொட்டியும் அவளே சுட்டாள். அப்பா ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி மென்றார்.

“பரவால்ல. இனிமே ஜான்கி இல்லாட்டியும் இந்த வூட்ல ரொட்டி வரும்,” என்றார்.

நல்ல மனதோடுதான் சொன்னார். அண்ணியைப் பாராட்டிச் சொன்னது அது. ஜான்கி என்பது நான்.

அதற்கடுத்த வாரமே நாகையா தன் அக்காவோடு என்னைப் பெண் பார்க்க வந்தார். கடலுக்கு அப்பால் சவுசவு ஊரில் கொப்பரை வியாபாரம். மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மூத்த மகனுக்கு என்னைவிட வயது அதிகம். பிஸ்கோத்தை டீயில் முக்கி, அது உடைந்து விழுவதற்குள் வாயில் போட்டுக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் உள்ளே விழுந்தது, விரலைவிட்டு எடுத்தார்.

“எங்க ஊர்ல தேங்காயத் தவிர ஒண்ணும் கெடையாது. ரொட்டி தின்னணும்னா சுவாலேருந்து போட் வரணும். வர்றதுக்குள்ள அது கல்லாப் பூடும்,” என்றார் அப்பாவிடம். “பொண்ணு பேசுமா?”

“பேசாது. அதான் விசேஷம்,” என்றார் அப்பா. இருவரும் சிரித்தார்கள். பிறகு அப்பா என்னிடம் திரும்பி, “என்னம்மா, சம்மதந்தானே?” என்றார். நான் தரையைப் பார்த்தேன். “பாத்தியா, சம்மதம்.”

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, அப்பா கிணற்றடியில் கால் கழுவும்போது போய் நின்றேன். நாள் முழுவதும் சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியம் அது. “அப்பா, நான் இங்கியே ரொட்டி சுட்டுக்கிட்டு இருந்துடறேனே.”

அவர் கோபப்படவில்லை. என் தலையில் ஈரக்கையை வைத்தார். “அதுக்குத்தான் ஒங்கண்ணி இருக்காளே, பைத்தியம்,” என்றார்.

இதைச் சொன்னபோது மோகினி இரண்டாவது பிஸ்கோத்தை எடுத்திருந்தாள்.

நிச்சயத்தை ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டு முற்றத்தில் சங்கக் கூட்டம். எல்லோரும் இருக்கும்போதே தட்டு மாற்றிக்கொண்டால் செலவு மிச்சம். திங்கட்கிழமை கிளம்புகிற கப்பலில் நாகையாவோடு அவர் அக்காவும் திரும்பிப் போவார், பிறகு கல்யாணத்துக்கு வருவார்கள். கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பிஸ்கோத்து வேண்டும். மூன்று நாள் ஓய்வு என்றால் வியாழக்கிழமை மாவு பிசைய வேண்டும்.

“இந்தத் தடவை நான் பண்றான்,” என்றாள் அண்ணி. தன்னையும் அவள் அப்படித்தான் சொல்லிக்கொள்வாள். “உனக்குக் கல்யாணம். நீ சும்மா உட்காரு.” அப்போது அவளுக்கு வயிற்றில் மோகினி. மசக்கை விட்டபாடில்லை. ஆனாலும் எனக்காகச் செய்ய ஆசைப்பட்டாள்.

வியாழக்கிழமை காலையில் நான் பலகையைத் துடைத்தேன். மாதத்துக்கு ஒரு தடவை துடைப்பதுதான், புகை படிந்துவிடும். எல்லா டப்பாக்களையும் கீழே இறக்கி, ஈரத்துணியால் துடைத்து, திரும்பவும் வைத்தேன். ஒவ்வொன்றிலும் எழுத்து வெளியே தெரியும்படிதான் வைத்தேன். உப்பு இருந்த இடத்தில் உப்பு இருந்தது. அதற்குப் பக்கத்தில், மூலையில் இருந்த டப்பா இருந்தது. சோடா மூலைக்குப் போயிருந்தது.

மோகினி மெல்லுவதை நிறுத்தினாள். வாய் உலர்ந்திருக்கும் என்று டீயை அவள் பக்கம் தள்ளினேன். அவள் எடுக்கவில்லை.

அண்ணி பிசைய ஆரம்பித்தபோது நான் கிணற்றடியில் டின்னைக் கழுவிக்கொண்டிருந்தேன். சமையலறை ஜன்னலிலிருந்து அவள் என்னைக் கூப்பிட்டாள். கரண்டியை உயர்த்திக் காட்டினாள். அதில் வெள்ளைப் பொடி தலை தட்டாமல் குவிந்திருந்தது.

“ஜான்கி, இவ்வளவு போதுமா?”

நான் தலையாட்டினேன். போதும் என்றுதான் எனக்கும் தோன்றியது.

மாவை இருவரும் சேர்ந்து உருட்டினோம். பிறகு நான் என் கையை நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். அவளையும் கழுவச் சொன்னேன், வயிற்றுப் பிள்ளைக்காரி என்பதால். அந்த அக்கறை எனக்கு இருந்தது என்பதை மோகினிக்கு இரண்டு தரம் சொன்னேன். வாழையிலையில் சுற்றி, டின்னில் அடுக்கி, மூடிக்கு மெழுகுத் துணி ஒட்டி, நானே கிணற்றில் இறக்கினேன்.

ரொட்டி மாவாக இருந்தால் மறுநாள் காலையில் முடிந்திருக்கும். பிஸ்கோத்து மாவுக்கு நாள் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இருந்தது, சனிக்கிழமை இருந்தது. ஒரு வார்த்தை சொல்ல எத்தனை நேரம் ஆகும். யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை. ஊமைச்சியை யார் கேட்பார்கள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பெரிய மழை. காலையில் கிணற்றுத் தண்ணீர் ஏறியிருந்தது. டின் முழுகிவிடுமே என்று அப்பா எட்டிப் பார்த்துச் சொன்னார். நான் கயிற்றை உயர்த்திக் கட்டினேன். கட்டும்போது பார்த்தேன், கயிறு நடுவில் நைந்துபோயிருந்தது. அப்படியே விட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அறுந்து, டின்னோடு மாவு அடியில் போயிருக்கும். ஒருவர்மேலும் பழி இருந்திருக்காது. நான் கொட்டகைக்குப் போய்ப் புதுக் கயிறு எடுத்துவந்து மாற்றினேன்.

ஒரு பொருளைக் காப்பாற்றி வைக்கச் சொன்னால் அதை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பது அம்மாவிடம் நான் கற்றது.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. அண்ணி மாவை வட்ட வட்டமாக நறுக்கித் தட்டில் அடுக்கினாள். நான் டிரம்முக்குத் தணல் போட்டேன். வெண்ணெய் வேகும் வாசனை அவளுக்குக் குமட்டியது. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வேலை செய்தாள், ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை. அவள் வைக்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். ராஜன் அண்ணன் கூட்டத்துக்குப் பெஞ்சு வாங்கிவர வீரசாமி மாமா வீட்டுக்குப் போயிருந்தான். எங்கள் வீட்டில் முதல் தட்டு எப்போதும் அப்பாவுக்கு. அதுவும் எனக்குத் தெரியும்.

நான்தான் கொண்டுபோய் வைத்தேன்.

“யாரு பண்ணது?”

“அண்ணி.”

“கையி வந்துடுச்சு பாரு அவளுக்கு,” என்றார். மூன்று நாள் ஓய்வெடுத்த மாவு. வாயில் வைத்தவுடன் கரைந்திருக்கும். தட்டைக் காலி செய்தார். இன்னும் நாலு கேட்டார். அதையும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மோகினி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் வேண்டுமோ என்று அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

அப்பா வாசலில் வாந்தி எடுக்க ஆரம்பித்தபோது அண்ணி ஓடிப்போய் அவர் தலையைப் பிடித்துக்கொண்டாள். “பாபு, பாபு” என்று அழுதாள். தண்ணீர் கொண்டுவா என்று என்னைப் பார்த்துக் கத்தினாள், இந்துஸ்தானியில். நான் உள்ளே போனேன். தண்ணீர் எடுப்பதற்கு முன்னால், பலகையில் இருந்த இரண்டு டப்பாக்களையும் அதனதன் பழைய இடத்தில் வைத்தேன். அதன்பிறகு தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அப்பா போய்விட்டார். சங்கத்து ஆட்கள் பிஸ்கோத்து சாப்பிட வந்து, பாடை கட்டிவிட்டுப் போனார்கள்.

எங்கள் வீட்டு வாசலில் இறங்கினால் இடப்பக்கம் பாலம், பஸ் நிற்கிற இடம். வலப்பக்கம் இரண்டு கரும்புத் தோட்டத்தைத் தாண்டினால் போலீஸ் சாவடி. அங்கேயிருந்து வந்தார்கள். சோடா எந்த டப்பாவிலிருந்து எடுத்தாய் என்று அண்ணியைக் கேட்டார்கள். உப்புக்குப் பக்கத்தில் இருந்த டப்பா என்று கையைக் காட்டினாள். திறந்து பார்த்தார்கள், அதில் சோடா இருந்தது. மூலை டப்பாவில் கரண்டி போட்டு எடுத்த தடம் இருந்தது. நீ ஏன் ஒரு பிஸ்கோத்துகூடத் தின்னவில்லை என்று கேட்டார்கள். அவள் வயிற்றில் கையை வைத்துக்காட்டினாள். அது ஒரு பதிலாக யாருக்கும் படவில்லை. பிள்ளைக்குத் தமிழ்ப் பெயர்தான் வைக்க வேண்டும் என்று அப்பா சொல்ல, முந்தின வாரம் அவள் அழுதது பக்கத்துத் தோட்டம் வரைக்கும் கேட்டிருந்தது. வீரசாமி மாமா அதைச் சொன்னார்.

கோர்ட்டில் என்னையும் கேட்டார்கள். டப்பாவில் எழுதியிருந்ததா என்றார்கள். எழுதியிருந்தது. அவளுக்கு அதைப் படித்துக் காட்டினாயா என்றார்கள். ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். என் வாயிலிருந்து ஒரு பொய்கூட வரவில்லை. டப்பாவை யாராவது இடம் மாற்றினார்களா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அண்ணி கூண்டிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. அவளுக்குத்தான் என் சுபாவம் தெரியுமே.

வயிற்றில் பிள்ளை இருந்ததால் தூக்கு இல்லை, ஆயுள் தண்டனை. சிறையில் பெற்றுக் கொடுத்துவிட்டு, மூன்றாம் வருஷம் காய்ச்சலில் போனாள். தினம் டப்பாக்களின் பெயரை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று கேள்விப்பட்டேன். நமக், சோடா, சீனி.

நாகையா அந்தத் திங்கட்கிழமைக் கப்பலிலேயே போய்விட்டார். சாவு விழுந்த வீட்டில் பெண் எடுப்பதில்லையாம். ராஜன் அண்ணன் ஒரு வருஷம் என்னோடு இருந்தான். நான் வைக்கிற ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து மாட்டுக்குப் போடுவான். ஒருநாள் அவனும் பா என்கிற ஊர்ப் பக்கம் ஆலை வேலைக்குப் போய்விட்டான், கடிதம் கிடையாது. என்னை யாரும் இந்த வீட்டை விட்டுப் போகச் சொல்லவில்லை. நான் கேட்டது அதுதானே. ராத்திரி மாவு பிசைகிறேன், கிணற்றில் இறக்குகிறேன், காலையில் சுடுகிறேன். தின்ன ஆள் இல்லாததால் சிறிய ரொட்டியாகச் சுடுகிறேன். நடையைத் தளர்த்திப் போனவர்கள் இப்போது எங்கள் வேலி வந்தால் வேகமாக நடக்கிறார்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, அண்ணியைச் சிக்கவைக்க நான் நினைத்ததே இல்லை என்றும் மோகினியிடம் சொன்னேன். பிஸ்கோத்து கசக்கும், எல்லோரும் துப்புவார்கள், அண்ணிக்கு இன்னும் கை வரவில்லை, ஜான்கி இல்லாமல் நடக்காது என்று அப்பாவே சொல்வார், நிச்சயம் தள்ளிப்போகும். அவ்வளவுதான் என் எண்ணம் என்றேன். இருபது வருஷமாக நான் எனக்குச் சொல்லிக்கொள்வதும் அதுதான்.

ஆனால் எதிரே இருப்பவளுக்குப் புரியப் போவதில்லை என்பதால், ஒருவரிடமும் சொல்லாத இன்னொன்றையும் சொன்னேன். அப்பா அந்த டப்பாவை என் கையில் கொடுத்தபோது, பெருசா எழுது என்றதோடு நிறுத்தவில்லை. வீரசாமி மாமாவின் ஆடு அதை நக்கிச் செத்த கதையைச் சொன்னார். “இதுக்கு ருசியும் கெடையாது, வாசனையும் கெடையாது. தின்னா மனுஷனுக்குக்கூடத் தெரியாது,” என்றார்.

கசக்காது என்று எனக்குத் தெரியும்.

சொல்லி முடித்ததும் மனது லேசாக இருந்தது. அப்பாவின் வீட்டில், அப்பாவின் பாஷையில், ஒன்று விடாமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். கேட்பவளுக்குப் புரியவில்லை என்றால் அது என் குற்றம் இல்லை. அன்றைக்கும் நான் எழுதித்தான் வைத்திருந்தேன்.

மோகினி கைக்குட்டையை எடுத்தாள். வாயில் அதுவரை மெல்லாமல் அடக்கி வைத்திருந்ததை அதில் துப்பி, மடித்துக்கொண்டாள். கையில் மிச்சம் இருந்த பாதிப் பிஸ்கோத்தைத் தட்டில் திரும்ப வைத்தாள். எழுந்து அடுப்புக்குப் பக்கத்தில் போய், அண்ணாந்து பலகையைப் பார்த்தபடி சற்று நேரம் நின்றாள். பிறகு வாசலுக்குப் போனாள். பிஸ்கோத்தில் வெண்ணெய் குறைவோ என்னவோ, எனக்கு இப்போதெல்லாம் நல்ல வெண்ணெய் கிடைப்பதில்லை.

பஸ் இடப்பக்கம் நிற்கும். அவள் வலப்பக்கம் திரும்பி நடந்தாள். அந்தப் பக்கம் சாவடியைத் தவிர ஒன்றும் கிடையாது. லாமிப் பெண்ணுக்கு வழி எப்படித் தெரியும். கூப்பிட்டுச் சொல்லலாம் என்று வேலி வரை போனேன். எந்த பாஷையில் கூப்பிடுவது என்று யோசிப்பதற்குள் கரும்பு அவளை மறைத்துவிட்டது. போய்வருகிறேன் என்றுகூட அவள் சொல்லவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் போனாள். அதிலிருந்துதான் எங்கள் வீட்டுப் பெண் என்று தெரிந்தது.